ராத்திரி 2 மணி முறை என்னிடம் வந்த பிறகு

மகளுக்கு இப்போது 11 மாதம். முதல் 2 மாதம் எப்படிப் போனது என்பதை எழுத இப்போதுதான் தெம்பு வந்திருக்கிறது. புதிதாக அப்பா ஆன யாராவது, எனக்கு மட்டும் ஏன் ஒன்றுமே தோன்றவில்லை என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இது.

குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பயம்தான் வந்தது. தலை நிற்காத பச்சைக்குழந்தை, கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டு மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி நின்றேன், யாராவது சீக்கிரம் திருப்பி வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது. பாசம் வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? சுமந்து பெற்றவள் பக்கத்தில் வலியோடு படுத்திருக்கிறாள், அவளிடம் போய்ச் சொல்கிற விஷயமா இது?

வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் மோசம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும், அதாவது இரவும் பகலும் மனைவிதான். நான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன், துணி துவைப்பேன், கூப்பிட்டால் ஓடுவேன். என் கைக்கு வந்தால் வீறிட்டு அழுவாள், அம்மாவிடம் போனதும் அடங்கிவிடுவாள். அது பால் வாசனைக்கான அடக்கம் என்று இப்போது புரிகிறது, அன்றைக்கு அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். வேலை முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தேன். எழுதும்போது இன்றும் வலிக்கிறது.

5வது வாரத்தில் மாலை நேர அழுகை தாங்க முடியாமல் போய் டாக்டரிடம் கேட்டோம். இந்த அழுகை 6 வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய் 3, 4 மாதத்துக்குள் தானாகக் குறையும், பால் குடித்து, ஈரம் இல்லாமல், காய்ச்சல் இல்லாமல் இருந்தும் அழுதால், உங்களுக்கு ஆத்திரம் வருகிற நேரத்தில் குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள், என்ன ஆனாலும் உலுக்கிவிடாதீர்கள் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை யாருமே கேட்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வு அப்பாக்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கும் வருகிறது, இப்படியே நீடித்தால் தயங்காமல் வாருங்கள் என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு கேள்வியிலேயே பாதி பாரம் இறங்கியது.

அன்று இரவு மனைவி சொன்னாள், "ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம், பால் கொடுத்ததும் நான் தூங்கறேன், மத்ததை நீங்க பாத்துக்கங்க." சரி என்றேன். 2 மணிப் பால் முடிந்ததும் ஏப்பம் வரவைப்பது, டயப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் என் வேலை ஆனது.

முதல் சில இரவுகள் கை நடுங்கியது. பிறகு பழகியது. தோளில் போட்டு முதுகைத் தட்டும்போது அவள் உச்சிக்குழி என் கன்னத்துக்குப் பக்கத்தில் மெதுவாகத் துடிக்கும், ஒரு சின்ன ஏப்பம் வந்ததும் உடம்பு மொத்தமும் தளர்ந்து என் மேல் சாயும். அதற்காகவே விழித்திருக்கலாம் போல இருக்கும். அந்த வயதில் குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியுமாம். முழங்கை மடிப்பில் படுக்கவைத்தால் என் முகம் சரியாக அந்தத் தூரத்தில்தான் இருக்கும். 7வது வாரத்தில் ஒருநாள் அப்படிப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், வாய் கோணாமல், தூக்கத்தில் வருகிற சிரிப்பாக இல்லாமல், முகம் பார்த்துச் சிரித்தாள்.

நான் அழுத சத்தத்தில் மனைவி எழுந்துவிட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் நாள் ஒன்றுமே தோன்றாமல் நின்றது உட்பட. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருந்துச்சு, உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு" என்றாள்.