பயண வழிகாட்டி நூலும் இணையதளமும் முரண்பட்டால் எதை ஏற்பது?

கேள்வி:
முதன்முறையாக வெளிநாடு செல்லவிருக்கிறேன். என்னிடமுள்ள வழிகாட்டி நூல் சொல்லும் நேரங்களும் கட்டணங்களும் இணையத்தில் வேறாக இருக்கின்றன. எதை நம்புவது?

மறுமொழி 1:
முதலில் நூலின் பதிப்பாண்டைப் பாருங்கள். தகவல் திரட்டி அச்சேறுவதற்கே பல மாதங்கள் ஆகிவிடும் என்பதால், கட்டணம், விடுமுறை நாள், விசா விதி போன்ற மாறக்கூடியவற்றை அந்தந்த அருங்காட்சியகம், ரயில் நிறுவனம், தூதரகம் ஆகியவற்றின் அதிகாரப்பூர்வத் தளங்களிலேயே சரிபார்க்க வேண்டும். ஆனால் எந்த ஊருக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம், எவையெல்லாம் அருகருகே உள்ளன என்பதை ஒரே பார்வையில் உணர்த்துவதில் நூலுக்கு ஈடில்லை.

மறுமொழி 2:
பயணிகளின் விமர்சனங்களைப் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்திப் படியுங்கள். தேதியில்லாத பதிவுகளை நான் பொருட்படுத்துவதே இல்லை.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன், பதிப்பாண்டு 2016! வரைபடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். நன்றி.