புதுப்பிப்பு: மகளின் முதல் எல்க்
அமெரிக்காவின் கொலராடோவில் மகளோடு முதல் முறை எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறேன், கிடைத்தால் இறைச்சியைக் கெடாமல் மலையிலிருந்து இறக்குவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது! மகள்தான் சுட்டாள், ஒரு பெண் எல்க்.

காற்று எங்கள் முகத்துக்கு எதிரே வீசியதால் மந்தைக்கு வாடை போகவில்லை. அந்தப் பெண் எல்க் பக்கவாட்டில் திரும்பும்வரை அவளே பொறுமையாகக் காத்திருந்தாள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரே தோட்டா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் பெரிய வேலை. பெண் எல்க்கே 200 கிலோவைத் தாண்டும். தடித்த தோலும் முடியும் உடல் சூட்டை வெளியே விடாது. நீங்கள் சொன்னபடியே வயிற்றைத் திறக்காமல், ஒரு பக்கமாகத் தோலை உரித்து, தொடை, முன்சப்பை, முதுகுக்கறி எல்லாம் எடுத்துத் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டோம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை ஒரு தொடையோடு ஒட்டியபடியே விட்டோம், அங்கே அது சட்டம். சுமந்து இறக்கியதில் தோள் இன்னும் வலிக்கிறது.

மான் இனங்களின் மூளையை அழிக்கும் நோய்க்கான பரிசோதனைக்குத் தலையைக் கொடுத்தோம். நோய் இல்லை என்று முடிவு வந்த பிறகே சமைத்தோம். முதுகுக்கறிக்கு உப்பும் மிளகும் போதும். கொழுப்பு மிகக் குறைவு, அதிக நேரம் அடுப்பில் விட்டால் வறண்டுவிடும். தொடைக்கறியைக் குழம்புக்கு வைத்திருக்கிறோம்.