முன்பக்க யுஎஸ்பி, கேஸ் ஃபேன்: மதர்போர்டில் எங்கே செருகுவது?

பழையபெட்டி:
வணக்கம். பழைய மதர்போர்டைப் புதுக் கேபினெட்டுக்கு மாற்றுகிறேன். பவர் பட்டன், எல்இடி வயர்களை எல்லாம் மேனுவலைப் பார்த்துச் செருகியாயிற்று. மாட்டிக்கொண்டது இரண்டு இடத்தில்.

முன்பக்க யுஎஸ்பி 3.0-இன் நீலக் கனெக்டர் அகலமாக இருக்கிறது, போர்டில் அதற்கு இடமே இல்லை. ஒன்பது பின் உள்ள சின்ன ஹெடர்கள் (வயர் செருகும் பின் வரிசைகள்) நான்கு தெரிகின்றன, நான்கும் ஒரே மாதிரி.

அப்புறம் ஃபேன். கேபினெட்டோடு வந்த மூன்றும் மூன்று பின் வகை. போர்டில் சிபியு ஃபேன் ஹெடரைத் தவிர இருப்பது ஒரே ஒரு நான்கு பின் ஹெடர். அதில் ஒன்றைப் போட்டேன், எப்போதும் முழு வேகத்தில் இரைகிறது. மீதி இரண்டை எங்கே கொடுப்பது?

கம்பிவேலை:
நண்பரே, அந்த நான்கும் ஒரே மாதிரி இல்லை. டார்ச் அடித்து, பின் இல்லாத இடத்தை மட்டும் பாருங்கள். ஐந்தைந்தாக இரண்டு வரிசை இருக்கும். மூலையில் ஒரு பின் இல்லை என்றால் யுஎஸ்பி 2.0. மூலைக்கு அடுத்த இடம் காலி என்றால் முன்பக்க ஆடியோ. கனெக்டரிலும் அதே இடத்தில் ஓட்டை அடைபட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் லேசாக அழுத்தினாலே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் அழுத்தாமல் கையை எடுத்துவிடுங்கள். ஒருமுறை யுஎஸ்பி 3.0 கனெக்டரைச் சாய்வாக வைத்து அழுத்தி இரண்டு பின்களை வளைத்துவிட்டேன். லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். இரண்டு பின்னுக்கு அரை மணி நேரம் ஆனது.

நீலக் கனெக்டருக்கு 19 பின்னிலிருந்து 9 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கும். போர்ட் வேலை செய்யும், ஆனால் யுஎஸ்பி 2.0 வேகம்தான்: 5 ஜிபிபிஎஸ் இல்லை, 480 எம்பிபிஎஸ். போர்ட்டுக்கு 900 மில்லியாம்பியருக்குப் பதில் 500 என்பதால் சில வெளி ஹார்ட் டிஸ்க்குகள் தடுமாறலாம். அவற்றைப் பின்பக்கம் செருகுங்கள்.

ஃபேன் இரைவதற்குக் காரணம், அந்த ஹெடர் பிடபிள்யூஎம் (வோல்டேஜைக் குறைக்காமல் சிக்னலால் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) முறையில் இருப்பது. அந்த முறையில் வேகத்தைச் சொல்வது நான்காவது பின். மூன்று பின் ஃபேனுக்கு அது எட்டாது, முழு 12 வோல்ட்டும் போய்க்கொண்டே இருக்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் அமைப்பை டிசி முறைக்கு மாற்றினால் வோல்டேஜ் குறைந்து வேகம் தணியும்.

மூன்று ஃபேனையும் ஒரே ஹெடரில் ஸ்ப்ளிட்டர் (ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் வயர்) போட்டுக் கொடுக்கலாம். அதற்கு முன் ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 0.20 ஆம்பியர் என்றிருந்தால் மூன்றுக்கும் 0.60. பெரும்பாலான ஹெடர்கள் 1 ஆம்பியர் வரை தாங்கும், உங்கள் போர்டின் அளவு மேனுவலில் இருக்கும்.

நீலப்பின்:
பழைய போர்டு என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஃபயர்வயர் (வீடியோ கேமரா போன்றவற்றை இணைக்கும் பழைய வகை, 1394 என்றும் சொல்வார்கள்) ஹெடரிலும் மூலைப் பின்தான் இருக்காது, யுஎஸ்பி வயர் அச்சாகப் பொருந்திவிடும். அதில் 12 வோல்ட் வருகிறது. 5 வோல்ட்டுக்குச் செய்த பென்டிரைவ் கருகிவிடும். பக்கத்தில் 1394 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

பழையபெட்டி:
நல்லவேளை சொன்னீர்கள்! ஓரத்தில் இருப்பதன் பக்கத்தில் 1394 என்றுதான் இருக்கிறது. இன்னொன்று ஆடியோ. மீதி இரண்டும் யுஎஸ்பி.

டிசிக்கு மாற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது. ஃபேன் ஒவ்வொன்றும் 0.18 ஆம்பியர். ஸ்ப்ளிட்டர் போட்டால் மூன்றின் வேகமும் பயாஸில் தெரியுமா?

கம்பிவேலை:
ஒன்றின் வேகம் மட்டும் தெரியும். நல்ல ஸ்ப்ளிட்டரில் ஒரு தலையில்தான் வேகம் சொல்லும் பின் இருக்கும், மற்றவற்றில் எடுத்திருப்பார்கள். பின்பக்க ஃபேனை அந்தத் தலையில் மாட்டுங்கள். சிபியு ஃபேன் ஹெடரில் கூலரின் ஃபேன் மட்டும் இருக்கட்டும்.