74 கிலோ, ஈசிஆர், கொல்லிமலை: புது அலுமினியமா, பழைய கார்பனா?

கியர்மாறன்:
ரோடு பைக் (தார் ரோட்டுல வேகமா ஓட்டுற சைக்கிள்) வாங்கப் போறேன். கையில ரெண்டு வண்டி இருக்கு, விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அ) புது அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை), ஷிமானோ 105 12 ஸ்பீடு கியர் செட், டிஸ்க் பிரேக், 32 மிமீ டயர் வரை இடம். 9.2 கிலோ.
ஆ) ஆறு வருஷம் ஓடின கார்பன் ஃபிரேம், ஷிமானோவோட அல்டெக்ரா 11 ஸ்பீடு கியர் செட், ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே பிடிக்கிறது), ரிம்மும் கார்பன். 25 மிமீ டயருக்கு மேல ஏறாது. 7.6 கிலோ.

என் எடை 74 கிலோ. வார இறுதியில ஈசிஆர்ல 80–100 கிமீ, இந்த வருஷம் 200, 300 கிமீ பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்), டிசம்பர்ல கொல்லிமலை. கார்பன்னா ரோட்டு அதிர்வே தெரியாது, அலுமினியம்னா கை மரத்துப்போகும்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா? பழைய கார்பன்ல என்னென்ன பார்க்கணும்?

சுழல்விசை:
முதலில் அந்த 1.6 கிலோவைக் கணக்குப் போட்டுவிடலாம். நீங்கள், வண்டி, தண்ணீர் பாட்டில், உடை எல்லாம் சேர்ந்து சுமார் 86 கிலோ. 200 வாட் சக்தி முழுக்க ஏற்றத்துக்கே போவதாக வைத்தால், 1000 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 70 நிமிடம். 1.6 கிலோ குறைந்தால் 78 விநாடி மிச்சம். சமதளமான ஈசிஆரில் இந்த எடை வித்தியாசம் தெரியவே தெரியாது. அங்கே எதிர்காற்றுதான் எதிரி.

அதிர்வு விஷயத்தில் ஊர்ப்பேச்சு பாதிதான் சரி. முக்கோண அமைப்பில் இருக்கும் எந்த ஃபிரேமும், எந்தப் பொருளில் செய்தாலும், மேலிருந்து கீழாக அவ்வளவு வளைந்து கொடுக்காது. வளைவது டயரும், சீட் டியூபுக்கு (ஃபிரேமின் செங்குத்துக் குழாய்) வெளியே நீட்டிக்கொண்டு சீட்டைத் தாங்கும் சீட் போஸ்டும்தான். 25 மிமீ டயரில் 90 பிஎஸ்ஐ அடித்த கார்பன் வண்டியைவிட, 30 மிமீ டயரில் 65 பிஎஸ்ஐ உள்ள அலுமினிய வண்டி மெத்தையாக இருக்கும். 'அலுமினியம் கையைக் கொல்லும்' என்ற பேச்சு, 23 மிமீ டயரில் 110 பிஎஸ்ஐ அடித்து ஓட்டிய காலத்தின் மிச்சம். வண்டி அ-வின் சீட் போஸ்ட் விட்டம் 27.2 மிமீ என்றால் பின்னாளில் கார்பன் போஸ்ட் ஒன்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் தேவைப்படாது.

இன்னொரு விஷயம். எஃகு, அலுமினியம், டைட்டானியம் மூன்றுக்கும் எடைக்கு ஏற்ற விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. அலுமினிய ஃபிரேம் இலேசாக வருவது குழாயைப் பருமனாக்கிச் சுவரை மெல்லியதாக்குவதால். மெல்லிய சுவர்க் குழாயின் விறைப்பு ஆரத்தின் மும்மடியாக ஏறும். எஃகை அந்தப் பருமனில் அதே எடைக்குச் செய்தால் சுவர் குளிர்பானத் தகரம் மாதிரி நசுங்கும். கார்பனின் நிஜமான பலம் வேறு: இழையை எந்தத் திசையில் அடுக்குகிறோமோ அந்தத் திசையில் வலு. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் முறுக்கைத் தாங்கவும், பின்பக்கம் சற்றே வளையவும் ஒரே ஃபிரேமில் அடுக்க முடியும். அதே காரணத்தால், யாரும் எதிர்பார்க்காத திசையில் விழும் அடியும் கிளாம்ப் இறுக்கமும்தான் அதற்கு எமன்.

1998 டூர் டி பிரான்ஸை மார்கோ பான்டானி வென்றது அலுமினிய பியாங்கியில். அந்தப் பொருள் அதற்குப் பிறகு மட்டமாகிவிடவில்லை, தொழில்முறைப் பந்தயம் கார்பனுக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஸ்பேனர்செட்:
பழைய கார்பன் பார்க்கப் போறீங்கன்னா இதைச் செய்யுங்க. முதல்ல வண்டியைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்க. அழுக்குல விரிசல் ஒளிஞ்சுக்கும்.

செல்போன் டார்ச்சைக் குழாயை ஒட்டிச் சாய்வா அடிச்சுப் பாருங்க. ஹெட் டியூபுக்கு (ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற முன்குழாய்) கீழே டவுன் டியூப் (அங்கிருந்து பெடலுக்கு இறங்குற குழாய்) சேருற இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுத்தி, சீட் கிளாம்ப் வெட்டோட அடி முனை, வலது செயின் ஸ்டேல (பாட்டம் பிராக்கெட்லேர்ந்து பின்சக்கரத்துக்குப் போற குழாய்) பல்சக்கரத்தை ஒட்டின பக்கம். செயின் நழுவி ஸ்டேக்கும் சின்ன பல்சக்கரத்துக்கும் நடுவுல மாட்டினா அங்க அரிச்சிருக்கும். டாப் டியூப்ல (மேல் குழாய்) ஹேண்டில்பார் திரும்பி இடிக்கிற இடத்தையும் விடாதீங்க. வெறும் பெயிண்ட் கீறல்னா நகம் வழுக்கிட்டுப் போகும். இழை பிரிஞ்சிருந்தா பழைய பனியன் துணியைத் தேய்க்கும்போதே நூல் மாட்டும்.

அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தால விரல்கடைக்கு ஒருதரம் தட்டிட்டே போங்க. 'டிக் டிக்'னு வந்த சத்தம் ஒரு இடத்துல மட்டும் 'தொப்'னு மாறினா உள்ள அடுக்கு பிரிஞ்சிருக்கலாம். குழாய் இணைப்புல அடுக்கு தடிமன், அங்க சத்தம் மாறத்தான் செய்யும். அதனால இடது வலது ரெண்டு பக்கமும் ஒரே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்க.

சீட் போஸ்டைக் கழட்டி வெளிய எடுக்கச் சொல்லுங்க. இது முக்கியம். கார்பன் ஃபிரேம்ல அலுமினிய போஸ்ட், கூடவே வியர்வை உப்பு: மூணும் சேர்ந்தா மின்வேதி அரிப்பு. அலுமினியம் பொடிச்சு உப்பி, போஸ்ட் உள்ளயே வெல்டு அடிச்ச மாதிரி பிடிச்சிக்கும். கேபிள் ஸ்டாப், பாட்டில் போல்ட் சுத்தி பெயிண்ட் கொப்புளம் இருந்தாலும் அதே வியாதிதான்.

ஃபோர்க்கையும் இறக்கிப் பாருங்க. கார்பன் ஸ்டீரர்னா (ஃபோர்க்லேர்ந்து ஹேண்டில்பாருக்கு ஏறுற குழாய்) உள்ள விரியுற பிளக்தான் இருக்கணும். ஸ்டார் நட் (குழாய்ச் சுவரைக் கடிச்சுப் பிடிக்கிற உலோக நட்) அடிச்சிருந்தா ஃபோர்க்கை மாத்தியே ஆகணும், அந்தக் காசை விலையில கழிச்சுப் பேசுங்க.

கடைசியா கொல்லிமலை. 70 கொண்டை ஊசி. கார்பன் ரிம்ல பிரேக்கை விடாம பிடிச்சிட்டே இறங்கினா சூட்டுல பசை இளகி ரிம் ஓரம் உப்பும், டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னாடி அழுத்திப் பிடிச்சு, வளைவுல விட்டுடணும். அலுமினிய ரிம்ல ஓடின பிரேக் கட்டையை இதுல போடவே கூடாது, அதுல பதிஞ்ச உலோகத் துகள் கார்பனை அறுத்துடும். எனக்குக் கேட்டா இறக்கத்துக்கு டிஸ்க்தான்.

குரோமோலி:
ரெண்டையும் விட்டுட்டு எஃகு பாருங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ஃபிரேம் 1.9 கிலோ வரும், ஆனா வளைஞ்சா நிமிர்த்தலாம், விரிஞ்சா பற்றவைக்கலாம். ஈசிஆர் உப்புக் காத்துக்கு மட்டும் வருஷம் ஒருதரம் சீட் போஸ்டைக் கழட்டி உள்ள துருத்தடுப்பு எண்ணெய் விடணும், பாட்டம் பிராக்கெட் அடியில இருக்கிற வடிகால் துளை அடைபடாம பாத்துக்கணும்.

அலுமினியம் 'களைச்சுப் போகும்'னு பயமுறுத்துவாங்க. எஃகு மாதிரி அதுக்குக் களைப்பு வரம்பு (அதுக்குக் கீழ எத்தனை தரம் அழுத்தினாலும் விரிசல் வராதுங்கிற எல்லை) கிடையாதுங்கிறது உண்மை. அதனாலதான் குழாய்களைக் கூடுதல் கனத்துல வடிவமைக்கிறாங்க. விரிசல் வந்தா பெரும்பாலும் வெல்டிங் ஓரத்துலதான் வரும். மாசம் ஒருதரம் துடைக்கும்போது அங்க கண்ணை ஓட்டுங்க, போதும். விரிஞ்ச அலுமினியத்தை மட்டும் உள்ளூர் பட்டறையில பற்றவைக்காதீங்க. பற்றவைச்ச இடத்தோட பதம் போயிடும், மறுபடி சூளையில வைச்சாதான் திரும்பும்.

கார்பனை ஒட்ட முடியாதுங்கிறதும் தப்பு. சேதத்தைச் சுத்திச் சரிவா இழைச்சு, புது அடுக்குப் போட்டு, அழுத்தத்துல இறுக வைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும், அவ்வளவுதான்.

கியர்மாறன்:
நன்றி. ஸ்பேனர்செட், கார்பன் வண்டியைப் போய்ப் பார்த்தேன். தட்டின வரைக்கும் சத்தம் சரி. சீட் போஸ்ட் மட்டும் அசையல. 'இறுக்கமா இருக்கு, கொஞ்சம் ஆயில் விட்டா வந்துடும்'னு விற்கிறவர் சொல்றார். விலையும் குறைக்கிறார். சேடில் உயரம் எனக்கு 3 செமீ அதிகம்.

ஸ்பேனர்செட்:
அப்ப வேணாம். முறுக்கி எடுக்கப் பார்த்தா சீட் டியூப் பிளக்கும், சூடு வைச்சா பசை போயிடும். மிச்சம் இருக்கிற வழி, போஸ்டை வெளிய அறுத்துட்டு உள்ள மிச்சத்தை நீளவாக்குல கொஞ்சம் கொஞ்சமா கீறி எடுக்கிறது. அதுல பிளேடு ஒருதரம் வழுக்கினா ஃபிரேம் காலி. 3 செமீ உயரத்தோட 300 பிஆர்எம் போனா முட்டிக்குப் பின்னாடி இழுக்கும், இடுப்பு ஆடி உட்கார்ற இடமும் புண்ணாகும்.

அலுமினிய வண்டியை எடுத்தா, வந்த அன்னிக்கே சீட் போஸ்டை உருவிப் பாருங்க. அலுமினிய போஸ்ட்னா கிரீஸ் பூசுங்க. கார்பன் போஸ்ட்னா கிரீஸ் வேணாம், மணல் மாதிரி நறநறக்கிற கார்பன் பேஸ்ட், கிளாம்ப்ல எழுதியிருக்கிற அளவுக்கு டார்க் ரென்ச் (இறுக்க அளவு காட்டுற ஸ்பேனர்) வைச்சு இறுக்குங்க, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். டயர் 28ல ஆரம்பிச்சா முன்னாடி 70, பின்னாடி 75 பிஎஸ்ஐ. ரெண்டு வாரம் கழிச்சு 3 பிஎஸ்ஐ குறைச்சுப் பாருங்க.

குரோமோலி:
கூடவே ஒரு உதிரி டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாத்தியை ஃபிரேமோட பிடிக்கிற துண்டு) வாங்கி சேடில் பையில போட்டு வையுங்க. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், நடு ராத்திரி பிஆர்எம்ல வண்டி சாய்ஞ்சு வளைஞ்சா எந்தக் கடையிலயும் கிடைக்காது.