நம்ம குடும்பம் குழு: குகன் சாப்பாடு

வித்யா: ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். சாப்பாட்டு நேரத்தில் குகனிடம் யாரும் 'ஒரே ஒரு வாய்' என்று கெஞ்ச வேண்டாம், ப்ளீஸ். தெரபி போய்க்கொண்டிருக்கிறது.

பெரியப்பா: சாப்பாட்டுக்கு எதற்கம்மா தெரபி? பசித்தால் தானாகச் சாப்பிடுவான்.

வித்யா: அடம் என்றால் அப்படி விடலாம் பெரியப்பா. இவனுக்கு இருப்பது பயம். பசித்தாலும் வாய் திறக்க மாட்டான், எடையே குறைந்துவிட்டது. ஆர்ஃபிட் (ARFID), அதாவது உணவைத் தவிர்க்கும் கோளாறு என்கிறார்கள். மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேட்டில் 2013-லேயே சேர்த்துவிட்டார்கள். சிலருக்கு வாசனையும் வழவழப்பும் ஆகாது, சிலருக்குத் தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம்.

செல்வி அக்கா: அங்கே என்ன செய்கிறார்கள்?

வித்யா: சாப்பிடச் சொல்வதே இல்லை அக்கா. பப்பாளித் துண்டு முதலில் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. அப்புறம் தட்டுக்குப் பக்கத்தில். ஸ்பூனால் தள்ளினான், விரலால் தொட்டான், மோந்து பார்த்தான், உதட்டில் ஒற்றினான். துப்புவதற்கு டிஷ்யூ கையிலேயே கொடுத்திருந்தார்கள். துப்பலாம் என்று தெரிந்த பிறகுதான் வாயில் வைத்தான்.

பிரவீன்: அக்கா, எங்கள் சைக்காலஜி பாடத்தில் இதே வழி வருகிறது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் எழுதியது. பீட்டர் என்ற குழந்தைக்கு முயல் என்றால் பயம். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் முயலைத் தடவிக்கொடுத்தான்.

மீனா அத்தை: தோசை சாப்பிடுவான்தானே? கேரட்டை அரைத்து மாவில் கலந்துவிடட்டுமா, தெரியாது.

வித்யா: ஐயோ வேண்டாம் அத்தை! கண்டுபிடித்தால் தோசையையும் விட்டுவிடுவான். சொல்லிவிட்டுக் கொஞ்சமாகத் துருவிப் போடுங்கள். சாதா தோசையும் ஒன்று இருக்கட்டும். எதைத் தொடுவது என்பதை அவன் பார்த்துக்கொள்வான். சாப்பிட்டாலும் கைதட்ட வேண்டாம், எல்லோரும் பார்த்தால் பதறுவான்.

பெரியப்பா: சரிம்மா. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவன் பக்கத்தில் உட்காரலாமா?

வித்யா: தாராளமாக உட்காருங்கள். நீங்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதே அவனுக்கு நல்லது.

செல்வி அக்கா: பெரியவர்களுக்கும் உண்டா? இவருக்கு ஒருமுறை மீன் முள் சிக்கியதிலிருந்து கெட்டியாக எதையுமே விழுங்கப் பயம்.

பிரவீன்: உண்டு அக்கா. பேச்சோடு நிற்காது, பயப்படுவதைப் பட்டியல் போட்டு எளிதானதிலிருந்து சாப்பிட்டுப் பழக்குவார்கள். சிபிடி (CBT), அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் தெரபி என்று கேளுங்கள்.

வித்யா: முதலில் தொண்டையில் கோளாறு இல்லை என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அக்கா. எங்கள் தெரபிஸ்ட் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.