காற்று செத்த நாட்களில் பாய் கிழிகிறது, தண்ணீரும் பேட்டரியும் இழுபறி: சென்னை–போர்ட் பிளேர் பாய்மரப் பயணம், உதவி தேவை

நாகை கடலோடி:
வணக்கம். ஊர் நாகப்பட்டினம். போன வருஷம் பங்குனியில் 38 அடி பாய்மரப் படகில் மூன்று பேர் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போனோம். இந்த வருஷமும் அதே சமயம்தான் கிளம்புகிறோம். போன தடவை பாதி வழியில் காற்றின் வேகம் 4 நாட் (மணிக்கு சுமார் 7 கி.மீ.) அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தாலும் தெற்கிலிருந்து நீளமான அலை மட்டும் ஓயவில்லை. படகு இடமும் வலமும் உருள உருள, பெரிய பாய் படார் படார் என்று அடித்துத் தையல் விட்டுப்போனது. அந்தச் சத்தத்தில் தூக்கம் கிடையாது. பகலில் உள்ளே அடுப்புப் பற்றவைத்தால் நிற்க முடியாத வெக்கை. விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. டீசல் 120 லிட்டர்தான். எதை முதலில் சரிசெய்வது?

காரைக்கால் பாய்க்காரர்:
தம்பி, முதலில் பாய். காற்று இல்லாததால் அது கிழியவில்லை, உருளுவதால்தான் கிழிகிறது. மரத்தில் பாய் விறைப்பாக நிற்கக் காற்றின் அழுத்தம் வேண்டும். அது இல்லாதபோது அலை தள்ளுகிற பக்கமெல்லாம் பூம், அதாவது பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கட்டை, ஓடும். பூமை ஒரு பக்கமாகத் தள்ளி முன்னால் கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள். அப்படியும் அடித்தால் பெரிய பாயை இறக்கிவிடுங்கள். மெல்லிய துணியில் தைத்த முன்பாய் இருந்தால் அதை மட்டும் ஏற்றி, காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரி படகைத் திருப்பிப் பாருங்கள். ஆள்களைக் காற்றுக்கு மறுபக்கம் உட்காரவைத்தால் படகு கொஞ்சம் சாயும், பாயும் தன் எடையிலேயே வடிவத்துக்கு வரும். கிளம்புமுன் அடிப்பகுதியைச் சுரண்டிவிடுங்கள். பாசி ஒட்டிய படகு இந்தக் காற்றுக்கு நகராது.

பங்குனி, சித்திரையில் நம் கரையோர நீரோட்டம் வடக்கே இழுக்கும். சும்மா கிடக்கிறோம் என்று நினைக்கிறபோதும் படகு போய்க்கொண்டுதான் இருக்கும். ஜி.பி.எஸ். தடத்தை அடிக்கடி பாருங்கள்.

தரங்கம்பாடி அக்கா:
சமையலுக்கு நான் சொல்கிறேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகு ஒரே வேளை சோறு வடியுங்கள், மீந்ததில் தண்ணீர் ஊற்றிவையுங்கள். காலையில் பழையதும் நீராகாரமும் போதும். வெக்கையில் இதைவிட உடம்புக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு எனக்குத் தெரியாது. வடிக்கும் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு கடல்நீர் சேர்க்கலாம், தனி உப்பு வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதற்கு மேல் போனால் வாயில் வைக்க முடியாது. முட்டையை முழுக் கடல்நீரிலேயே அவிக்கலாம். குளியலும் கடல்நீரில்தான், கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வைத்து, தனித்தனிக் கேன்களில் பிரித்துக் கட்டிவையுங்கள். ஒரு கேன் ஒழுகினாலும் மற்றது நிற்கும்.

நாகை கடலோடி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. பேட்டரிக்கு என்ன செய்யலாம்? ராத்திரியில் ஏ.ஐ.எஸ்ஸை (நம் படகையும் பக்கத்துக் கப்பல்களையும் ஒன்றுக்கொன்று காட்டும் கருவி) அணைத்துவைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

வேதாரண்யம் எலக்ட்ரீஷியன்:
அணைக்கவே கூடாது. சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கொல்கத்தாவுக்கும் போகிற கப்பல்கள் உங்கள் வழிக்குக் குறுக்கே வரும், காற்றில்லாத படகால் உடனே விலக முடியாது. ஏ.ஐ.எஸ். இழுப்பது கொஞ்சம்தான். பேட்டரியைத் தின்பது குளிர்பெட்டியும் தானியங்கிச் சுக்கானும். ராத்திரி குளிர்பெட்டியை நிறுத்துங்கள். படகு நகராதபோது தானியங்கிக்கு வேலை இல்லை, அதையும் அணையுங்கள். சோலார் தகட்டின்மேல் பூமின் நிழல் விழுகிறதா என்று பகலில் பாருங்கள்; ஒரு ஓரத்தில் நிழல் பட்டாலே உற்பத்தி பெரிதாகக் குறையும். எஞ்சினை மெதுவாக ஓட்டினால் மணிக்கு 2 லிட்டர் அளவில் போகும், பேட்டரியும் ஏறும். ஆனால் பாதி டீசலைப் போர்ட் பிளேர் துறைமுகத்துக்குள் நுழைய விட்டுவையுங்கள்.

காரைக்கால் பாய்க்காரர்:
இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். வாடை ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று பிடிக்கும்வரை வங்கக்கடல் இப்படித்தான் கிடக்கும். ஆனால் இதே இடைவெளியில்தான் புயலும் பிறக்கும். 2019 ஏப்ரல் கடைசியில் சுமத்ராவுக்கு மேற்கே உருவான ஃபானி, மே 3 அன்று பூரி பக்கம் கரையேறியது. பயணம் சித்திரைக்கு இழுத்தால் தினமும் இரண்டு வேளை வானிலை அறிக்கை வாங்குங்கள். சாயங்காலம் அடிப்பக்கம் கறுத்த மேகம் எழும்பினால், காற்று வரட்டும் என்று காத்திருக்காமல் மெல்லிய பாயை உடனே இறக்குங்கள். ராத்திரிக் காவல் ஆளுக்கு மூன்று மணி நேரம் போதும். காவலுக்கு இருப்பவர் இடுப்பில் கயிறு கட்டாமல் மேல்தளத்துக்கு வரக்கூடாது, கடல் எவ்வளவு சும்மா கிடந்தாலும் சரி.