சந்தை ஆட்டை நேரா பட்டில விடுவீங்களா? புது மீனு விட்டு பழைய மீனைத் தொலைச்ச கதைங்க

கோபிக்காரன்:
எங்கூட்டுல மூணடி தொட்டிங்க, தண்ணி ஒரு 150 லிட்டர் புடிக்கும். அதுல அஞ்சு கோல்டு ஃபிஷ் நாலு வருஷமா ஒரு சீக்கு இல்லாம வளந்துட்டு இருந்துச்சு. போன மார்கழில ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்ற வழில ஒரு கடைல ரெண்டு ஒராண்டா பாத்தோம், அதுவும் கோல்டு ஃபிஷ்லயே ஒரு வகைதானுங்க, தலைல செவசெவன்னு தக்காளிய வெச்ச மாதிரி, பாப்பா அந்த எடத்த உட்டு நகரவே மாட்டேன்னுட்டா. வாங்கிட்டு வந்து கவரை அரைமணி நேரம் தொட்டில மெதக்க விட்டுட்டு அப்படியே கடைத் தண்ணியோட ஒட்டுக்கா ஊத்திட்டேனுங்க.

எங்க அப்பாரு கட்டல்ல உக்காந்து பாத்துட்டு இருந்தவரு ஒரே கேள்விதான் கேட்டாரு. "ஏன்டா, புளியம்பட்டி சந்தைல வாங்கிட்டு வந்த ஆட்டை அன்னைக்கே பட்டில விடுவனா நானு?" அது ஆடுங்க அப்பாரு, இது மீனுன்னு சிரிச்சுட்டு போயிட்டேன்.

அஞ்சாம் நாள் வெடியால லைட்டு போட்டா பழைய மீனு ஒண்ணு கல்லுல போயி ஒடம்ப ஒரசிட்டு ஒரசிட்டு வருது. டார்ச் அடிச்சு பாத்தேன், வாலுல ரவைய தூவி விட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளி. வெள்ளைப்புள்ளி சீக்கு. கடைக்கு போன் போட்டா நீல மருந்து (மெத்திலீன் புளூ) ஊத்துங்கன்னாங்க, ஊத்துனேன். பொறகு வேற ஒருத்தரு சொன்னாருன்னு பச்சை மருந்து, அதையும் ஊத்துனேன். தண்ணிய மொத்தமா எறக்கி மாத்துனேன், ஃபில்டர் ஸ்பாஞ்சை பைப்புல புடிச்சு பளிச்சுனு கழுவுனேன், ஊட்ல இருக்கறவங்க எல்லாம் மனுசன் என்ன சுத்தம்னு பாராட்டுனாங்க. மூணாம் நாள் புள்ளி எல்லாம் மறஞ்சு போச்சு. நிறுத்திட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு வாரத்துல வந்துச்சு பாருங்க, ஒடம்பு பூரா உப்பு கொட்டுன மாதிரி. மேல வந்து வாயத் தொறந்து தொறந்து காத்து குடிக்குது, செவுளு படபடன்னு அடிக்குது. மூணு பழைய மீனு போச்சுங்க. அதுல பாதி சீக்கு கொன்னுச்சு, பாதி நான் கொன்னேன். மீனு கழிவுல வர்ற அமோனியாவ முறிக்கறதுக்கு ஸ்பாஞ்ச்ல இருந்த நல்ல பாக்டீரியா பூராவும் கழுவுனதுலயும் மருந்துலயும் போயி, அமோனியா ஏறிப் போச்சு. இது எல்லாம் முடிஞ்ச பொறவு படிச்சு தெரிஞ்சுக்கிட்டது.

புள்ளி மறஞ்சா சீக்கு போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க, பூச்சி மீனை விட்டு கீழ எறங்கிருச்சுன்னு அர்த்தம். கல்லுலயும் மண்ணுலயும் ஒட்டி கூடு கட்டிக்கிட்டு ஒண்ணு நூத்துக்கணக்குல பெருகி மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். தோலுக்கடில இருக்கறப்பவும் கூட்டுக்குள்ள இருக்கறப்பவும் எந்த மருந்தும் படாது, நீந்துற அந்த சித்த நேரத்துலதான் சாகும். 25, 26 டிகிரில இந்தச் சுத்து ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சுரும், குளுரு தண்ணின்னா வாரக்கணக்குல இழுக்கும். மிச்சம் இருந்ததுகளுக்கு கல்லுப்பு போட்டுத்தான் காப்பாத்துனேன், லிட்டருக்கு 3 கிராம் கணக்கு, ஒரே அடியா போடாம 12 மணி நேரத்துக்கு 150 கிராம்னு மூணு தடவை, தனியா ஒரு போசில கரைச்சு ஊத்துனேன். ஹீட்டர் போட்டு 28க்கு கொண்டு வந்து ஏர் பம்பு இன்னொண்ணு வெச்சேன், சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மியா நிக்குமுங்க. கடைசிப் புள்ளி மறஞ்சும் பத்து நாள் விடாம வெச்சிருந்தேன்.

இதுல எனக்கு தாங்காதது என்னன்னா சீக்கு கொண்டு வந்த அந்த ரெண்டு ஒராண்டாவும் குண்டுக்கல்லாட்ட இருக்குதுக. அதுகளுக்கு அது பழகிப்போன சீக்கு போல. உங்க யாருக்காச்சும் இப்படி ஆயிருக்குதுங்களா?

பல்லடம் கோழிப்பண்ணை:
உங்க அப்பாரு காலைத் தொட்டுக் கும்பிடோணும். நாங்க பண்ணைல ஷெட்டு வாசல்ல மருந்துத் தண்ணி தொட்டில கால நனைக்காம எவனையும் உள்ள விடமாட்டோம். ஷெட்டுக்கு ஷெட்டு செருப்பு வேற, பாக்கறப்போ குஞ்சு ஷெட்டுல ஆரம்பிச்சு பெரிய கோழிக்குப் போகோணும், சீக்குக் கோழி இருந்தா கடைசியாத்தான் அங்க போறது. இத்தனையும் தெரிஞ்ச நானு ஊட்டுல என்ன பண்ணேன், புது மீனைத் தனி டப்புலதான் விட்டேன், நல்லபிள்ளையாட்ட ஒரு மாசம் வெச்சேன், ஆனா வலை ஒண்ணே ஒண்ணு. டப்புல செத்தத எடுத்த அதே வலைய அப்படியே தொட்டில விட்டு எலைய அள்ளுனேன். டப்பு தனி, வாளி தனி, ட்யூப்பு தனி, வலை ஒண்ணு! என்ற சம்சாரம் இன்னும் சொல்லிக் காமிக்கறா. இப்போ டப்பு சாமானுக்கெல்லாம் செவப்பு டேப் சுத்தி வெச்சிருக்கறேன், முதல்ல பெரிய தொட்டி வேலை, கடைசிலதான் டப்பு, அப்புறமேட்டு கைய சோப்பு போட்டு கழுவறது.

சாயப்பட்டறை, திருப்பூர்:
நான் ஒரு கூத்து சொல்றேன் கேளுங்க. எங்க பக்கம் ஊருத் தொட்டில பிளீச்சிங் பவுடர் போடற அன்னைக்கு பைப்பத் தொறந்தாலே மூக்கு எரியும். அந்தத் தண்ணிய மாத்தி மீனு ரெண்டு மேல வந்து தவிச்சுதுக. கடைக்காரரு ஹைப்போ ரெண்டு கல்லு போடுங்க, குளோரின் முறிஞ்சுரும்னாரு. ஹைப்போதான, நம்ம பட்டறைல கேனு கேனா இருக்குதேன்னு ஒரு பாட்டில்ல புடிச்சுட்டு வந்துட்டேன். மூடியத் தொறந்ததும் அடிச்ச வாசத்துலதான் கை நின்னுச்சு. பட்டறைல நாம்பு ஹைப்போங்கறது சோடியம் ஹைப்போகுளோரைட்டு, அதுவே குளோரின் சரக்கு! மீன் கடை ஹைப்போங்கறது சோடியம் தயோசல்ஃபேட்டு, பழைய போட்டோ ஸ்டுடியோல ஃபிலிம் கழுவறதுக்கு வெச்சிருப்பாங்களே அந்தக் கல்லு. பேரு ஒண்ணு, வேலை நேரெதிரு. ஒரு மூடி ஊத்தியிருந்தா தொட்டி காலி. திருப்பூருக்காரங்க யாராச்சும் மீனு வளத்தா இதை ஒருக்கா சொல்லி வையுங்க சாமி. நீல மருந்து பத்தி வேற தனியா சொல்லணுமா, சாயம் கைல ஒட்டாம பாத்துக்கற எனக்கே ரெண்டு நாள் நகம் நீலமா இருந்துச்சு. அது பாக்டீரியாவையும் கொல்லும், அதனால ஃபில்டர் ஓடற பெரிய தொட்டில ஊத்தாதீங்க.

ஈரோட்டு அம்மணி:
மஞ்சள் ஊருன்னா மஞ்சளைப் போடாம இருப்போமா. வாலு அரிச்சுப் போன மீனுக்கு எங்க மாமியார் சொல்லி மஞ்சத்தூள் கரைச்சு விட்டேன், தொட்டி பூரா மோரு மாதிரி ஆயி மீனு எங்க இருக்குதுன்னே தெரியல. ரெண்டு நாள் பொறுத்துட்டு, தெனம் கால்வாசி தண்ணி மாத்த ஆரம்பிச்ச பொறவுதான் வாலு வளந்துச்சு. மாமியாரு இன்னும் மஞ்சள்தான் காப்பாத்துச்சுங்கறாங்க, நான் கம்முனு இருந்துக்கறேன். ஆனா ஒண்ணு, ஆறுன எடத்துல வாலு கரேல்னு ஆயிப்போச்சுங்க, புது சீக்குன்னு ரெண்டு நாள் தூக்கம் இல்ல. அமோனியா சுட்ட எடம் ஆறறப்போ கோல்டு ஃபிஷ்ஷுக்கு அப்படி கறுக்குமாம், ஒரு மாசத்துல தானா போயிருச்சு.

கோயமுத்தூர், வடவள்ளி:
இந்தத் திரெட்ட ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சிருந்தா ஒரு நல்ல மீனை உப்புல போட்டு வதைச்சிருக்க மாட்டேன். செவுளு மூடி மேலயும் முன் துடுப்போட முதல் முள்ளுலயும் மட்டும் வெள்ளைப் புள்ளி, வரிசையா, ஊசில குத்துன மாதிரி. வெள்ளைப்புள்ளின்னே முடிவு பண்ணி மருந்து ஆரம்பிச்சுட்டேன். மீனு என்னடான்னா ஜோரா சாப்பிட்டுட்டு இன்னொண்ணைத் தொரத்திட்டு இருக்குது. அப்புறந்தான் தெரிஞ்சுது, ஆண் மீனுக்கு இனப்பெருக்க சீசன்ல வர்ற முத்தாம் அது! ஒடம்புல வாலுல எங்கயும் இல்லாம அந்த ரெண்டு எடத்துல மட்டும் இருந்தா மருந்துக்கு ஓடாதீங்க, கல்யாண மாப்பிள்ளையச் சும்மா உடுங்க.

இன்னொண்ணு, சிறுவாணி தண்ணி குடிக்கறதுக்கு அமிர்தந்தான், ஆனா அது தாது உப்பு கம்மியான மெல்லிசான தண்ணி, ஃபில்டர் ஓட ஓட பிஹெச் இறங்கிட்டே போகும், அதாவது தண்ணில அமிலம் ஏறும். நாங்க போர் தண்ணி பாதி கலந்துக்கறோம். பல்லு கூசற அந்த உப்புத்தண்ணி கோல்டு ஃபிஷ்ஷுக்கு சௌரியமாத்தான் இருக்குது.

பொள்ளாச்சி தோட்டம்:
எங்க தென்னந்தோப்புத் தொட்டில கொசுப்புழு திங்கட்டும்னு பத்து கோல்டு ஃபிஷ் விட்டிருந்தோம். பக்கத்து தோட்டத்துக்காரரு ரோகு குஞ்சு ஒரு வாளி கொடுத்தாரு, பாசமா கொடுத்தாரு, வாங்கி விட்டாச்சு. மூணு வாரத்துல மீனு ஒடம்புல நூலு தொங்குது. கொறடால புடுங்குனா பாதி வந்துச்சு, தலை உள்ளயே நின்னுருச்சு, நங்கூரமாட்ட குத்தி நிக்குமாம், அதான் பேரே ஆங்கர் வார்ம். நல்லா ஈரத்துணில புடிச்சுட்டு வேருக்குப் பக்கத்துல புடிச்சு மெதுவா இழுக்கோணும். அப்பவும் தண்ணில இருக்கற குஞ்சுப் புழு திரும்ப ஏறிக்கும். கடைசில மீனையெல்லாம் டப்புக்கு மாத்தி, புதுசா நூலு முளைக்குதான்னு தெனமும் பாத்துட்டு, தொட்டிய வடிச்சு பத்து நாள் வெய்யில்ல காயப் போட்டோம். அந்த பத்து நாளும் தென்னைக்கு ஓஸுலதான் தண்ணி. பக்கத்து தோட்டத்துக்காரரு கேட்டாரு, தொட்டி ஏனுங்க காஞ்சு கெடக்குதுன்னு. கழுவறோமுங்கன்னு சொல்லிட்டேன், வேற என்னத்த சொல்ல.

கோபிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க, ஹைப்போ கதைய படிச்சுட்டு எங்கூட்டு ஷெல்ஃபுல இருந்த பாட்டிலை எடுத்து ரெண்டு தடவை லேபிள் பாத்தேன். திருப்பூர் அண்ணனுக்கு ஒரு டீ கடன்.

இப்போ மறுபடி ரெண்டு மீனு வந்திருக்குது, சென்னை கொளத்தூர்ல இருந்து பஸ்ஸுல. ராத்திரி பூரா கவருக்குள்ள கெடந்து வந்த தண்ணில அமோனியா சேந்திருக்கும், கவர் மூடியிருக்கற வரைக்கும் கரியமில வாயு அதை அடக்கி வெச்சிருக்கும், தொறந்து விட்டா காத்து பட்டு விஷம் ஏறும். அதனால மூடுன கவரை மெதக்க விட்டு சூடு சமமானதும் தொறந்து, மீனை மட்டும் உடனே எடுத்து டப்புல விட்டுட்டு, கவர் தண்ணிய பொடக்காலில வாழைக்கு ஊத்திட்டேன். டப்பு 50 லிட்டர், மேல வலை கட்டியாச்சு, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒரு மாசம் பெரிய தொட்டில ஓட்டி பழக்குனது. நாலு வாரம் இருக்கட்டும்னு கணக்கு. மருந்து எதுவும் ஊத்தல, பாத்துட்டு மட்டும் இருக்கறேன்.

பன்னெண்டாம் நாள் ஒண்ணுக்கு வாலுல மூணு புள்ளி. எண்ணிப் பாத்தேன், சரியா மூணு. உப்பு போசி ரெடியா இருந்துச்சு. பெரிய தொட்டில இருக்கறதுகளுக்கு ஒண்ணும் தெரியாது.

அப்பாரு பாத்துட்டு, ஆட்டுக்குன்னா தனிக் கொட்டாய் போடோணும், உனக்கு ஒரு டப்போட போச்சுன்னாரு.